நானூறு வருசத்துக் கோச்சிங்

லோறென்ஸ்கூக், நோர்வே
பெப்ரவரி 2006

பெருமதிப்புக்குரிய ஜெகதீஸ்வரன் அத்தானுக்கு,

இந்திரகுமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே முழங்கால் மட்டும் பனி, மற்றும்படி சுகம். லண்டனில் நீங்களும் அக்காவும் மழையும் வழமைபோல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் நான் கத்திவிடுவேன் என்று என் மனுசி உதயகுமாரி மறித்தபடியால் இந்தக் கடிதம்.

எங்கள் கம்சாயினிக்கு நீங்கள் பேசின மாப்பிள்ளை கீர்த்திகன் சனிக்கிழமை வந்து போனான். அத்தான், நீங்கள் அன்றைக்குச் சொன்னது என்ன? "பொடியன் இங்கிலாந்துக் கிராமத்திலை நானூறு வருசப் பழைய கோச்சிங் இன் ஒண்டு நடத்துறான்." கோச்சிங் என்ற சொல் விழுந்த பிறகு எனக்கு மிச்சம் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தானுக்குக் கோச்சிங் என்றால் ரியூசன்தானே! 'இன்' என்றால் நோர்வே மொழியில் 'உள்ளே'; அது ஏதோ வாய் தவறி வந்ததென்று விட்டுவிட்டேன். நானூறு வருசமாய்ப் படிப்பித்த இடம், எத்தனை டொக்டர்மார் வெளிக்கிட்டிருப்பார்கள் என்று பூரித்துப்போய், லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் தெரிந்த தமிழ்ச் சனம் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு இராசதுரை அண்ணை, தன் பேரனுக்குக் கணக்கு ஓடுதில்லை என்று பொடியனைப் பார்க்கவே வந்து குந்திக்கொண்டார்.

தேத்தண்ணி வந்ததும் அண்ணை தொடங்கினார்.

"தம்பி, இப்ப எத்தினை பேர் வருகினம்?"

"வெள்ளி பின்னேரம் எண்டால் நாப்பது பேர், அங்கிள். ஞாயிறு இன்னும் கூட."

"அதிலை எத்தினை பேர் தேறுவினம்?"

பொடியன் யோசித்தான். "தங்கடை காலிலை நடந்து வீட்டை போறது அரைவாசிப் பேர் வரும்."

வாய்க்குக் கொண்டுபோன வடையை அண்ணை திரும்பத் தட்டில் வைத்தார். பிறகுதான் விளங்கியது. கோச் என்றால் குதிரை வண்டியாம். வண்டி நின்று குதிரை மாற்ற, பயணம் வந்த சனம் சாப்பிட்டு, குடித்து, படுத்து எழும்பிப் போகிற விடுதிதான் 'இன்'னாம். கடவுளே, சாராயக்கடை! நோர்வே அரசாங்கமே கூச்சப்பட்டுச் சாராயத்தைத் தனிக்கடையில் வைத்து, சனிக்கிழமை மத்தியானம் திரும்பினவுடன் பூட்டிவிடுகிறது. அங்கே நானூறு வருசமாய்த் திறந்து கிடக்கிறதாம். நான் எழும்பிப் போய் யன்னலடியில் நின்று பனியைப் பார்த்தேன்.

எங்கடை மகளோ கட்டட எஞ்சினியர். பொடியன் லப்ரொப்பில் விடுதியின் படம் காட்டத் தொடங்க, கிட்டப் போய் இருந்துவிட்டாள். முன்பக்கத்துச் செங்கல் சுவர் வெறும் முகமூடியாம், நாகரிகம் மாறின காலத்தில் ஒரு முதலாளி ஒட்டினது. உள்ளே முழுக்க ஓக் மரச்சட்டம், ஆணியில்லை, மரமுளைதான். பச்சை மரத்தில் கட்டி, அது காயக் காய வீடே முறுகி, மேல்மாடியில் பந்தை வைத்தால் தானாக உருண்டு போகுமாம். வண்டிக் கூரையிலும் ஆட்கள் ஏறி வருவதால் வாசல் வளைவு அவ்வளவு உயரம். ரயில் ஓடத் தொடங்கி வண்டிகள் நின்றுபோக, குதிரை லாயம் படுக்கையறையாகிவிட்டது. ஊர் வழக்குகளும் மரண விசாரணையும்கூட ஒரு காலத்தில் அங்கேதானாம்.

"சுவரை நிமித்தேலாதோ?" என்று கேட்டேன், குற்றம் பிடிக்கத்தான்.

"ஏலாது அப்பா," என்றாள் மகள், பொடியன் வாய் திறக்க முன்னம். "ஒண்டை நிமித்தினால் மற்றது வெடிக்கும்." அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நான் அதைக் காணாத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னான். "அறை காலியாயிருந்தால், வழியிலை வாறவனை விடுதிக்காரன் திருப்பி அனுப்பக் கூடாது, அங்கிள். அது பழைய சட்டம்." அத்தான், அந்தக் கதை என் மனதை விட்டுப் போகுதேயில்லை. இருபது வருசத்துக்கு முன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டப் போய், பெட்டியோடு பனியில் இறங்கி, எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் நின்றவன் நான். முகம் தெரியாதவனுக்கென்று ஒரு வீட்டை யோசித்துக் கட்டியிருக்கிறார்களே என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. நான் மூக்கை உறிஞ்ச, இராசதுரை அண்ணை தடிமனோ என்று கேட்டார்.

அதுக்காகச் சாராயக்கடை கோயிலாகிவிடுமே? சனம் என்ன கதைக்கும்? எனக்கிருப்பது ஒரே பிள்ளை. அவளை ஒரு கோணல் வீட்டில், குடிகாரருக்கு நடுவில் கொண்டுபோய் விட என்னால் ஏலாது. சம்மதமில்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நோகாமல் சொல்லிவிடுங்கோ. இதுதான் என் முடிவு, இனி மாற்றமில்லை.

அக்காவின் முழங்கால் நோவையும் உங்கள் பிரஷரையும் பிள்ளையார் கவனித்துக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
இந்திரகுமார்

பி.கு.: உறையை ஒட்ட முன்னம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "உனக்கு அந்தப் பொடியனைப் பிடிச்சிருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன். அத்தான், அவள் இஞ்சை வளர்ந்தவள். பசிக்குதோ என்றாலும் குளிருதோ என்றாலும் 'யா' என்று நோர்வே மொழியில்தான் பதில் வரும். நானும் திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன். இதுக்கு மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அப்பா" என்றாள். மேலே உள்ளதைக் கிழித்துப்போட்டு, நாள் பாருங்கோ.