கத்திரி அண்ணாச்சி தேடிய ஊசி இல்லாத தீவு

ஊசியைக் கண்டு பயந்து நடுங்கிய டெய்லர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கத்திரி அண்ணாச்சி. தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குக் கடை. நாளெல்லாம் காஜா எடுப்பார், பட்டன் வைப்பார். ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

"துணியப் பாத்து இருக்க ஊசி வேறலே, நம்மளப் பாத்து இருக்க ஊசி வேற" என்பார்.

ஒருமுறை தெருநாய் ஒன்று அவர் காலைக் கவ்வியது. ஊசி போட வந்த கம்பவுண்டரிடம், "கடிச்சது அதுதான? அதுக்குப் போடும்வே!" என்று நாயைக் கைகாட்டிவிட்டு ஓடியே போனார். நல்லவேளை, பல் பட்டது வேட்டியில் மட்டும்தான்.

எழுபதுகளின் கடைசியில் இவருக்கு வெஸ்ட் இண்டீஸ் போக அழைப்பு வந்தது. தாய் தகப்பன் இல்லாமல் அவரே வளர்த்துக் கட்டிக்கொடுத்த ஒரே தங்கை டிரினிடாட்டில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே கப்பல் எஞ்சினியர் வேலை. 'லீவுக்கு ஒரு மாசம் வா அண்ணே. எந்தத் தீவு பிடிக்குதோ சொல்லு, எல்லாரும் அங்க போய் இருப்போம். டிக்கெட் நாங்க எடுக்கோம்' என்று எழுதியிருந்தாள். அன்று சந்து முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தார் அண்ணாச்சி.

நான் அப்போது ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்க்க வந்துவிட்டார்.

"இதுல எதுலே நல்ல தீவு?"

"தங்கச்சி இருக்க டிரினிடாடே போதும் அண்ணாச்சி. ஆனா அங்கன மஞ்சக் காய்ச்சல் உண்டு. ஊசி போடாமப் போனா, திரும்பி வரும்போது நம்ம ஊர்க்காரனே உள்ள விட மாட்டான்."

அண்ணாச்சியின் விரல் துள்ளிக் குதித்து பார்படோஸில் போய் உட்கார்ந்தது.

"இங்கன?"

"இங்க ஊசி வேண்டாம்."

"அப்ப இதுதாம்லே அழகான தீவு!"

ஆனால் தங்கை விடவில்லை. தன் பெண்பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், நம்ம முறைப்படி குத்தத் தெரிந்த ஆசாரி டிரினிடாட்டில்தான் இருக்கிறார், தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தா என்று எழுதிவிட்டாள்.

அண்ணாச்சி ஊசிக்கு மாற்று தேட ஆரம்பித்தார். முதலில் கீழாநெல்லி. காலையில் எழுந்ததும் அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார்.

"மஞ்சக் காமாலைக்கு இது கேக்குதுல்லா? மஞ்சக் காய்ச்சல் அதுக்குச் சித்தப்பன் மவன்தானலே?"

அது வேறு, இது வேறு, இது கொசுவால் வருவது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே கொசுவலைத் துணியில் தலை முதல் கால் வரை ஒரு ஜிப்பா தைத்து மாட்டிக்கொண்டு, கடற்கரையில் வெள்ளோட்டம் விட்டார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புன்னைக்காயல் மீனவர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏலே, ஒரு பெரிய மீனு வலையோட நடந்து போவுது பாருங்கலே!"

அண்ணாச்சி அன்றோடு ஜிப்பாவைக் கழற்றினார். "நான் வரலன்னு எழுதிரு" என்று என்னிடம் சொன்னார். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை, ஆனாலும் எழுதினேன்.

தங்கையின் பதில் சுருக்கமாக வந்தது: 'சரி அண்ணே. நீ வார வரைக்கும் பிள்ளை மூளிக்காதோடவே இருக்கட்டும்.'

அதை வாசித்துக் காட்டியதும் கத்திரியைக் கீழே வைத்தார்.

"மெட்ராஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுலே. அங்கனதான அந்த ஊசி?"

"பயமில்லையா அண்ணாச்சி?"

"பயந்தாம்லே! அந்தப் பிஞ்சுக் காதுல ஊசி குத்தப்போறாவ, என் மடியில வச்சு. ஊசியக் கண்டு நான் ஓடிட்டு, அவள மட்டும் அசையாம இருட்டின்னு எப்படிலே சொல்லுவேன்?"

மெட்ராஸில் நர்ஸ் பஞ்சை எடுத்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டார். என் விரல்கள் நொறுங்காததுதான் மிச்சம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இன்னும் குத்தலையா?" என்றார்.

"போட்டாச்சுங்க, எழுந்திரிங்க."

"இவ்வளவுதானா? காஜா எடுக்கது இதவிடக் கஷ்டம்லே" என்று சிரித்தார். சிரித்தபடியே மயங்கி என் தோளில் விழுந்தார்.

போய்ச் சேர்ந்து டிரினிடாட்டிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். அவர் மடியில் மருமகள். ஆசாரியின் கை காதருகே இருக்கிறது. பிள்ளை பொக்கைவாய் தெரியச் சிரிக்கிறது. அண்ணாச்சி கண்ணை இறுக மூடி, வாய் திறந்து அழுகிறார். ஆனால் பிள்ளையை அணைத்த இரண்டு கையும் அசையவில்லை.

இப்போது சர்க்கரைக்காக எனக்கே தினமும் ஊசி. குத்துவதற்கு முன்னால் அந்தப் போட்டோவை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்திருப்பது போல இருக்கும்.