தாம்பாளம் இல்லாமல் வந்த பத்திரிகை

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருக்கும் என் தங்கை உஷாராணியின் கணவர், மரியாதைக்குரிய மாப்பிள்ளை சின்னராஜ் அவர்களுக்கு, மைத்துனன் குழந்தைவேல் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், அங்கே நீங்கள் நலமா என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எழுத்தறிவு வகுப்பில் மோகனப்பிரியா டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். நீங்கள் நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். தங்கையைக் கட்டியவர் என்பதால் உங்களை மரியாதை குறைத்து எழுத எனக்கு வழியில்லை. அது உங்கள் அதிர்ஷ்டம். லாரி ஓட்டிய காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கியவன் நான்.

இதுதான் நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். கோபத்தை வேகமாகக் கொட்டலாம் என்று உட்கார்ந்தால் கை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிய டீ ஆறிவிடுகிறது, கோபம் மட்டும் ஆறவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் மாப்பிள்ளை, ‘ழ’ போடுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா! கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்து நேராக்குவது மாதிரி இருக்கிறது. என் பெயரிலேயே ஒரு ‘ழ’ இருக்கிறது என்பதே இந்த வருடம்தான் எனக்குத் தெரியும். சரி, கோபத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் நம்பரிலிருந்து என் போனுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. முன்பெல்லாம் வந்ததை என் வீட்டுக்காரி கமலவேணிதான் படித்துச் சொல்வாள், தனக்கு வேண்டாத பகுதியை விழுங்கிவிடுவாள். இப்போது நானே படிப்பேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். “எங்கள் இல்லத் திருமணம். தாங்கள் குடும்பத்துடன் வந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம். அழைப்பிதழைக் காணக் கீழே தொடவும்” என்று இருந்தது. படித்து முடித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, ஒரு கல்யாணப் பத்திரிகையை நாமாகவே படித்துவிட்டோமே என்று. அதற்குப் பிறகுதான் என்ன படித்தேன் என்பது மண்டையில் ஏறியது. உங்களுக்கு இருப்பது ஒரே பெண். அந்தப் பெண் ஜெயப்பிரியாவுக்கு நான் ஒரே தாய்மாமன். குலதெய்வத்துக்கு வைத்த பிறகு அடுத்த பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்கு என்பது நம் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். புருஷனும் பொண்டாட்டியுமாக வர வேண்டும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டி, முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். எனக்குக் கீழே தொடவுமாம்! காது குத்தும்போது அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து என் புதுச் சட்டையில்தான் மூக்கைத் துடைத்தது. அந்தச் சட்டைக்கு இருந்த மரியாதைகூட எனக்கு இல்லையா?

கமலவேணி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, தொட்டுத்தான் பாருங்களே. முகூர்த்தம் என்னைக்குன்னாவது தெரியட்டும்” என்றாள். “கொண்டாந்து வெக்காத பத்திரிகைய இந்தக் கை தொடாது” என்று சொல்லிவிட்டேன். “அப்பச் சீரு?” என்றாள். “சீரையும் போன்லயே அனுப்பறேன், கீழ தொட்டுக்கச் சொல்லு” என்றேன். அதற்குப் பிறகு உஷாராணி போன் செய்தாள். கட் செய்தேன். மறுபடியும் செய்தாள், மறுபடியும் கட் செய்தேன். சிவப்பு வட்டத்தை அமுக்குவதற்குப் படிப்பு தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை அவளே பஸ் பிடித்து வந்துவிட்டாள். நான் வாசலிலேயே மறித்தேன்.

“ஏனுங்ணா, போன் பண்ணப் பண்ணக் கட் பண்ணிப்போட்டீங்களே, உசுரு பதறிப்போச்சு.”

“தாம்பாளம் எங்க?”

“என்ன தாம்பாளம்?”

“கண்ணாலத்துக்குக் கூப்புட வந்தவ வெறுங்கைய வீசிட்டா வருவ?”

“யாருக்குங்ணா கண்ணாலம்?”

விஷயத்தைச் சொன்னதும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். “அது அவரு அனுப்புனதே இல்லீங்ணா. அவரு போன்ல திருடன் பூந்துட்டான். மில்லுல கூட வேல செய்யறவரு நம்பர்ல இருந்து இதே மாதிரி வந்துச்சாம், இவரு தொட்டுட்டாரு. ஒடனே இவரு போன்ல இருக்கற அத்தன பேருக்கும் அதுவாப் போயிருச்சு. தொறக்காதீங்கன்னு சொல்லத்தான் அத்தன தடவ அடிச்சேன்.”

மாப்பிள்ளை, நீங்கள் மில்லில் சூப்பர்வைசர். தினமும் இரண்டு பேப்பர் படிப்பவர். யார் வீட்டுக் கல்யாணம் என்று பெயர் இல்லை, ஊர் இல்லை, மண்டபம் இல்லை, எதைப் பார்த்து நீங்கள் தொட்டீர்கள்? பந்தியில் என்ன பலகாரம் என்று பார்க்கத்தானே?

உங்களால் சங்ககிரியே நாறிக் கிடக்கிறது. எந்த மடையன் உங்களிடமிருந்து வாங்கி இங்கே திறந்துவிட்டானோ தெரியவில்லை, பஞ்சர் கடைச் சின்னானுக்கு வந்து, சின்னான் திறந்து, சின்னான் நம்பரிலிருந்து அவன் பொண்டாட்டிக்கே கல்யாணப் பத்திரிகை போயிருக்கிறது. அவள் கடைக்கே வந்துவிட்டாள். “அறுவது வயசுல யாரக் கட்டப்போற? பொண்ணு எந்த ஊரு?” என்று ஜாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறாள். “எனக்கே தெரியாதுடி” என்கிறான் அவன். “தாலி கட்டறவனுக்கே பொண்ணு யாருன்னு தெரியாதா?” என்று இன்னும் ஏறுகிறாள். டயர் ரீட்ரெடிங் செய்யும் அப்துல் கரீம் பாய்க்கும் போயிருக்கிறது. அவர் மட்டும் தொடவில்லை. “கல்யாணம்னா ஆள் வருவாங்க, இல்லாட்டி போன்லயாவது பேசுவாங்க. இதென்ன பேர் இல்லாத கல்யாணம்?” என்று வைத்துவிட்டாராம். இந்த ஒரு வாரமாக என்னைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். டீக்கடையில் “வாங்க புது மாப்பிள்ளே” என்கிறார்கள். நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதில் வயிற்றெரிச்சல், வேறென்ன.

வெள்ளிக்கிழமை வகுப்பில் டீச்சர் இதைத்தான் பாடமாக நடத்தினார். நீங்கள் படித்தவர், ஆனாலும் உங்களுக்குத் தெரியாததால் எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். உண்மையான பத்திரிகை போனில் வந்தால் படமாகவோ படிக்கிற காகிதமாகவோ வரும், அது நம்மிடம் எதையும் கேட்காது. இந்தத் திருட்டுப் பத்திரிகையின் வாலில் ஏ.பி.கே. என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அது பத்திரிகையே இல்லை, போனுக்குள் குடியேறுகிற ஒரு ஆப். ‘இன்ஸ்டால்’ செய்யட்டுமா, உன் மெசேஜைப் பார்க்கட்டுமா என்று கேட்கும். சரி என்று தொட்டால் பேங்கிலிருந்து வருகிற ரகசிய நம்பர்வரை திருடன் உட்கார்ந்த இடத்தில் படிப்பான். அனுப்பியவர் தெரிந்தவர்தானே என்று நம்பக் கூடாது, ஏனென்றால் அவர் போனிலேயே திருடன் இருப்பான். எழுத்தில் பதில் கேட்காமல் கூப்பிட்டுக் குரலைக் கேட்க வேண்டும். அவசரம், இப்போதே, கீழே தொடவும் என்றெல்லாம் வந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டுத் தொலைத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், நெட்டை நிறுத்திவிட்டு, வேறு போனிலிருந்து பேங்குக்கும் 1930 என்ற நம்பருக்கும் உடனே சொல்ல வேண்டும். இவ்வளவுதான். என் வயதில் எனக்கே புரிந்தது.

பாடம் முடிந்ததும் டீச்சர், “இந்த மாதிரி வந்து திறக்காதவங்க யாரு?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். தாம்பாளம் இல்லாததால் தொடவில்லை என்று சொன்னேன். டீச்சர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னார். வாழ்க்கையில் ஒரு வகுப்பறையில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல்.

இனி உண்மையான கோபத்துக்கு வருகிறேன். பத்திரிகை பொய் என்று தெரிந்த பிறகும் எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். உஷாராணி கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “உங்களுக்குச் சொல்லாம அவளுக்குக் கண்ணாலம் பண்ணிருவமாங்ணா? இப்பத்தான ரெண்டு எடத்துல ஜாதகமே குடுத்திருக்குது.” ஜாதகம் கொடுத்தாகிவிட்டதா! யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? எங்கே கொடுத்தீர்கள்? பையன் என்ன செய்கிறான்? முன்பு எனக்குப் படிக்கத் தெரியாது, காட்டி என்ன ஆகப்போகிறது என்று விட்டீர்கள், நானும் பேசாமல் இருந்தேன். நாமக்கல் பலகையைப் படித்து நான் நாமக்கல் போனதில்லை, எதிரே முட்டை வண்டிகள் வரத் தொடங்கினால் ஊர் பக்கம் என்று தெரிந்துகொள்வேன். அந்தக் காலம் முடிந்தது. இனி ஜாதகமோ, பையனின் விவரமோ, பத்திரிகையின் நகலோ, எதுவாக இருந்தாலும் என் முன்னால் வைக்க வேண்டும், நான் படிக்க வேண்டும். மெதுவாகத்தான் படிப்பேன், காத்திருக்க வேண்டும். தாய்மாமன் என்று போட்டு என் பெயரை அச்சடிக்கும்போது ‘ழ’ சரியாக இருக்கிறதா என்று நானே பார்ப்பேன். இதற்குச் சம்மதம் என்றால் இருவரும் நேரில் வாருங்கள். இல்லையென்றால் முகூர்த்தத்தன்று மாமன் நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் போனை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி போனையும் நான் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

ஜெயப்பிரியா சாமிக்கு என் ஆசிகள், நல்ல இடத்தில் அமைந்து நிறைவாக வாழட்டும். உஷாராணிக்கு அண்ணனின் அன்பு. உங்களுக்கு, மாப்பிள்ளை என்ற முறைக்கு என்ன மரியாதை உண்டோ அது மட்டும்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
குழந்தைவேல்.

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன் பிழை பார்க்கச் சொல்லி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் கடைசிவரை படித்தார். ‘எந்த மடையன்’ என்ற இடத்தில் மட்டும் மறுபடியும் படித்தார். பிறகு தன் போனை எடுத்துக் காட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் அதே பத்திரிகை வந்திருக்கிறது. மேலே அனுப்பியவர் பெயரை எழுத்துக் கூட்டினேன். கு, ழ, ந், தை, வே, ல். அன்று கமலவேணி ரேஷன் கடைக்குப் போனதும் நான்தான் திறந்தேன் மாப்பிள்ளை. கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தொட்டேன். தாய்மாமன் என்று போட்டு என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, போன் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. எனக்குக் கைதட்டிய அன்று நானும் சேர்ந்து கைதட்டினேன். டீச்சரே 1930-க்கும் பேங்குக்கும் பேசிவிட்டார், பென்ஷன் பணம் பத்திரம், போன் அவர் பீரோவில் இருக்கிறது. சின்னான் பொண்டாட்டியிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன், ஜாக்கியை முதலில் கீழே வைக்கச் சொல்லிவிட்டு. மடையன் என்ற சொல்லை அடிக்கவில்லை, நன்றாக எழுதியிருப்பதாக டீச்சர் சொன்னார். என் பெயரில் உங்களுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருந்தால் திறக்காதீர்கள். ஜாதகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தாம்பாளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது.