கன்றுத்தோல் ஓரத்தில் நான் எழுதிய நாலு வரி

டப்ளின்,
பிப்ரவரி 4, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க கொப்னிட் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் ஃபீனான் எழுதிக்கொண்டது. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கவும், பாலிவூர்னியில் மழை ஒரு நாளாவது விட்டிருக்கவும், உங்கள் தேனீப் பெட்டிகள் குளிர்காலத்தைத் தாண்டவும் வேண்டிக்கொள்கிறேன். என் நலத்தைப் பற்றி மரியாதைக்குப் பொய் சொல்ல நேரமில்லை. நலமாக இல்லை. டோனகா மாமாவிடம் பேசி அவருடைய பால்பண்ணையில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேலை வாங்கித் தாருங்கள். வெள்ளிக்கிழமையோடு இங்குள்ள வேலையை விடுகிறேன். நான் விடாவிட்டாலும் அடுத்த புதன்கிழமை அவர்களே துரத்திவிடுவார்கள்.

காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தபாலில் ஒரு அழைப்பிதழ் வந்திருக்குமே, உங்கள் பெயருக்குரிய புனிதையின் திருநாளான பதினோராம் தேதி சுவடிப் பட்டியல் திறப்பு விழா என்று? அதன் முகப்பில், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்தர் ஒருவர் சுவடி ஓரத்தில் புலம்பியதாக நாலு வரி இருக்கும். அந்த எழுத்தர் நான்தான். எழுதியது போன மாதம்.

விளக்கமாகச் சொல்கிறேன், வேகமாகவும் சொல்கிறேன். ஐரிஷ், வெல்ஷ் மொழிகளில் உள்ள இடைக்காலத் தோல்சுவடிகள் அறுநூற்றுப் பதினொன்று. எது எந்த நூலகத்தில் இருக்கிறது, எந்த நூற்றாண்டு, யார் எழுதியது என்று இணையத்தில் தேடிப் பார்க்க ஒரு பட்டியல் செய்வது என் வேலை. ஆறு மாதத்தில் முடிய வேண்டியது, இரண்டு வருஷமாக இழுக்கிறது, ஏனென்றால் பதிப்பாசிரியர்கள் இரண்டு பேர். ஐரிஷ் பக்கத்துக்கு டெர்வ்லா அம்மையார், வெல்ஷ் பக்கத்துக்கு இட்வல், இவர் வேல்ஸ் துறைமுகமான ஹோலிஹெட்டிலிருந்து கப்பலில் வருகிறவர், வரும்போதெல்லாம் ஒரு திராட்சை ரொட்டியும் ஒரு சண்டையும் கொண்டுவருவார். ஒவ்வொரு சுவடிக்கும் 'நாடு' என்று ஒரு கட்டம் வைத்தேன், ஐரிஷ் அல்லது வெல்ஷ், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து வந்து 'இரண்டும்' என்று மூன்றாவது ஒன்று வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நான் முடியாது என்றேன். ஒரு தோலுக்கு ஒரு நாடு, இல்லாவிட்டால் தேடுதல் முழுக்கத் திருப்பி எழுதணும், யார் எழுதுறது?

ஜனவரியில் எங்கள் கட்டிடத்தில் கணப்பு கெட்டுப்போனது. ஓரக் குறிப்புக்கான கட்டத்தில் நீளமாக எழுதினால் கைபேசித் திரையில் உடையுமா என்று சோதிக்க வேண்டியிருந்தது. சோதனைப் பிரதியில் செய்திருக்க வேண்டும். விரல் விறைத்த எரிச்சலில், கண்ணில் பட்ட ஒரு மருத்துவச் சுவடியின் உண்மையான பதிவைத் திறந்து வாயில் வந்ததை அடித்தேன். 'கை விறைத்துப்போனது. இங்கே தீயும் இல்லை, குடிக்க நல்லதாக ஒன்றும் இல்லை. நேற்றுச் சொன்னது மேலிருப்பவருக்கு இன்று நினைவில்லை. வெள்ளிக்கிழமையோடு நான் போகிறேன்.' திரை உடையவில்லை, சந்தோஷம், அழிக்க மறந்துவிட்டேன். அந்தக் காலத்து எழுத்தர்கள் பாதிப் பேர் குளிரையும் மையையும் திட்டி ஓரத்தில் எழுதிவைக்கிற வழக்கம் உண்டென்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் கூட்டத்தில் டெர்வ்லா அம்மையார் அதைச் சத்தமாக வாசித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இட்வல் போட்ட குறிப்பு என்று அவர் நினைத்தார், அம்மையார் போட்டது என்று இட்வல் நினைத்தார். பார்த்ததில்லை என்று ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"இது எனக்குப் புதுசில்ல, மாணவியா இருந்தப்பவே பாத்தது," என்றார் அம்மையார்.

"நான் அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்," என்றார் இட்வல்.

அத்தை, அந்த ஓரம் பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. அந்தச் சுவடி ஐரிஷில் இருக்கிறது, நடுநடுவே மூலிகைப் பெயர்கள் வெல்ஷில். ஆகவே புலம்பியவன் எந்த ஊர்க்காரன்?

"மேலதிகாரிய இப்படித் திட்டுறவன் எங்க ஆளுதான்," என்றார் அம்மையார்.

"போறதுக்கு முன்னாடி கிழமை சொல்லிட்டுப் போறானே, அதனாலயே அவன் எங்க ஆளு. உங்க ஆளு சொல்லாம கொள்ளாம போயிருப்பான்," என்றார் இட்வல்.

அன்றிலிருந்து அவர் ஐரிஷ் என்று மாற்றுகிறார், இவர் வெல்ஷ் என்று மாற்றுகிறார், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது, நேற்றுவரை எண்பத்து மூன்று. சத்தமில்லாமல் அழித்துவிடலாமென்றால் அதுவும் முடியாது, எதுவும் அழியாமல் ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது என்ற பெயரோடு நிற்கவேண்டும் என்று மேசையைத் தட்டிக் கேட்டு அப்படிச் செய்துவைத்தவனே நான். இதுவரை யாரும் அந்தப் பெயரைப் பார்க்கவில்லை. பார்ப்பார்கள். இதற்கிடையில் இருநூறு அழைப்பிதழ் அச்சாகிப் போயாச்சு, விழாவில் இரண்டு பேரும் என் நாலு வரியைப் பற்றி ஆளுக்கு அரை மணி நேரம் பேசப்போகிறார்கள், அதுக்கப்புறம் எவனாவது ஒருத்தன் சுவடியத் திறந்து பாத்தா அந்த ரெண்டு பேர் முப்பது வருஷமாச் சேத்த பேரும் என்னால போகும். அவங்க என்னைப் படுத்தினதுக்கு இது ரொம்ப அதிகம். நாளைக்குக் காலையில் ஒத்துக்கொள்ளப் போகிறேன். பால் தொட்டியைப் பார்த்து ஐரிஷா வெல்ஷா என்று எவரும் கேட்கமாட்டார்கள். மாமாவிடம் இன்றே சொல்லுங்கள்.

உங்கள் பெயருக்குரிய புனிதை உங்களையும் தேனீக்களையும் காக்கட்டும். மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஃபீனான்

பி.கு. (வியாழக்கிழமை, மதியம்): கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. காலையில் ஒத்துக்கொண்டேன்.

"நாலு வரியும் நீயா?" என்றார் டெர்வ்லா அம்மையார். நாலும் என்றேன். தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு இட்வலைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு இட்வல் மெதுவாக, "அப்ப நீ அத பாத்ததே இல்லையா, டெர்வ்லா?" என்றார். "நீ?" என்றார் இவர். அவர் வானிலையைப் பற்றிப் பேசினார்.

வைத்துவிட்டு, என்னைத் திட்டாமல், கீழே பாதுகாப்பறைக்கு இழுத்துப்போய் அந்தச் சுவடியைத் திறந்து ஒவ்வொரு ஓரமாகப் பார்த்தார். நாற்பத்தாறாம் ஏட்டின் அடியில், தேய்ந்து, எறும்பு அளவில், ஒரு குறிப்பு. அவர் வாசித்துச் சொன்னார்: குளிராக இருக்கிறது, தோல் முரடாக இருக்கிறது, வேலை கொடுத்தவன் எங்களை மறந்துவிட்டான், இந்தப் பக்கத்தோடு நான் விடுகிறேன். புலம்பல் ஐரிஷில். கடைசியில் ஒரு வசவு, அது வெல்ஷில்.

அவன் விடவில்லை அத்தை. ஏட்டைத் திருப்பினால் அடுத்த பக்கமும் அதே கையெழுத்து. இன்னும் தொண்ணூற்றிரண்டு ஏடு. நானே எண்ணிப் பார்த்தேன்.

விழாவில் நானே மேடையேறி என் நாலு வரியையும் அவன் நாலு வரியையும் சொல்லவேண்டுமாம், அதுதான் தண்டனை. 'இரண்டும்' என்ற மூன்றாவது தேர்வையும் போடவேண்டும், தேடுதலை முழுக்கத் திருப்பி எழுதவேண்டும், ஆறு நாள்தான் இருக்கிறது, கணப்பு இன்னும் வரவில்லை. மாமாவிடம் எதுவும் சொல்லவேண்டாம். முடிந்தால், விரல் நுனி திறந்த கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள்.