சாம்பிராணிப் புகையில் ஒரு லேசர் ஷோ

பெண்ணைப் பெற்ற சமுத்திரத்தின் வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. சட்னிதான் தெறித்துவிட்டது என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். புள்ளி கைக்குட்டைக்கு ஏறியது. கைக்குட்டையை உதறினார். புள்ளி திரும்பவும் சட்டைப் பைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

"இதுதான் நீங்க சொன்ன லேசர் ஷோவா, சம்பந்தி?" என்று பக்கத்தில் நின்ற தனுஷ்கோடியைக் கேட்டார்.

மாப்பிள்ளையின் அப்பாவான தனுஷ்கோடி மண்டபத்தின் மறுகோடியில் சவுண்ட் மிக்சர் மேஜைக்குப் பின்னால் நின்ற மைக் செட்காரன் மாரீஸ்வரனைப் பார்த்தார். மாரீஸ்வரன் லேசரைச் சுவர்ப் பக்கம் தூக்கிவிட்டுக் குனிந்துகொண்டான்.

லேசரின் குணமே அதுதான். புகை இருந்தால் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சைக் கோடுகளாகப் பறக்கும். புகை இல்லையென்றால் சுவரில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். புகை மெஷினோ இரண்டு தடவை சீறிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"அண்ணே, மெஷின்ல ரோஜாப்பூ வாசனை அடிக்குதுண்ணே" என்றான் ஜெபக்குமார். டிஜே அவன்தான். ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். மற்ற நாள் மாரீஸ்வரனோடு சுற்றுவான்.

"புகை மருந்து ரோஜா வாசனை அடிக்காதேலே. எந்தக் கேனை ஊத்துன?"

"வாசல்ல இருந்த வெள்ளைக் கேனைத்தான்."

மாரீஸ்வரன் வாசலுக்கு ஓடினான். தனுஷ்கோடியின் மருமகள் முறைக்காரி நாகஜோதி பன்னீர்ச் செம்போடு நின்று, வருகிறவர்கள் மேலெல்லாம் வஞ்சனையில்லாமல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. இது என்ன பன்னீரு, ஒரு வாசனையும் இல்ல, பிசுபிசுங்குது? அந்தப் பெரியவரு கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்காரு, போகவே மாட்டேங்குது."

"கேன்ல மிச்சம் இருக்காம்மா?"

"காலிண்ணே. கல்யாண வீட்டுல கையைச் சுருக்கலாமா?"

புகை மருந்து விருந்தாளிகள் தலையிலும், பன்னீர் புகை மெஷினுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருந்தன. இனி அந்த மெஷின் புகையாது.

வேறு கல்யாணமாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு சீரியல் லைட்டைப் போட்டுச் சமாளித்திருப்பான். இது தனுஷ்கோடி வீட்டுக் கல்யாணம். மாரீஸ்வரன் முதன்முதலில் மைக் செட் வைத்தபோது ஊரே அவனைக் கூப்பிட யோசித்தது. தன் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகக் கூப்பிட்டவர் தனுஷ்கோடி. இப்போதும் சமுத்திரம் மதுரையிலிருந்து டிஜே கூட்டி வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, "நம்ம மாரீசு இருக்கான் சம்பந்தி. அவன் செய்வான். அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தான். அந்த மனுசன் சம்பந்தி முன்னால் தலை குனிவதா? மாரீஸ்வரனால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"புகை இல்லைன்னா என்ன, ஆவி இருக்குலே" என்றான்.

சமையல்கட்டில் வெஜிடபிள் பிரியாணி அண்டா தம்மில் இருந்தது. மாஸ்டரின் கையைக் காலைப் பிடித்து மூடியைத் திறக்க வைத்து, பின்னால் ஒரு பெரிய காற்றாடியைப் போட்டு, ஆவியை மண்டபத்துக்குள் தள்ளினான். மேடைக்கு மேலே இரண்டு பச்சைக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. மாரீஸ்வரனுக்கு உயிர் வந்தது.

கோடுகளோடு பிரியாணி வாசனையும் உள்ளே போயிருந்தது. முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "பந்தி போட்டாச்சு போல" என்று எழுந்தார். அவர் பின்னால் அந்த வரிசை எழுந்தது. அதன் பின்னால் மண்டபமே எழுந்தது. பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெங்களூர் நண்பர்கள்கூடக் காலை நிறுத்திவிட்டு இடம் பிடிக்க ஓடினார்கள். மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும்தான் மிச்சம்.

"எங்க மதுரையில டிஜே போட்டா ஜனம் உள்ள வரும்" என்றார் சமுத்திரம். "இங்க வெளிய போகுது."

தனுஷ்கோடி மாரீஸ்வரனிடம் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "மாரீசு, செத்த நேரத்துல சரியாயிருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆயிரும் மாமா" என்றான். எப்படி ஆகும் என்று அவனுக்கே தெரியாது. வாசலுக்கு எதிரே பூஜைக் கடை தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பிராணிக்கா பஞ்சம்? கை கொண்ட மட்டும் வாங்கிவந்தான். பிரியாணி அடுப்பிலிருந்து கங்குகளை அள்ளி இரும்புத் தட்டுகளில் கொட்டி, மேடையின் இரண்டு பக்கமும் வைத்து, சாம்பிராணியைப் பிடிபிடியாகப் போட்டான். புகை குபுகுபுவென்று கிளம்பியது. அதில் பச்சைக் கோடுகள் பளீரென்று நின்றன, விசிறியாக விரிந்தன, மண்டபத்தின் கூரையை அளந்தன. பந்திக்குப் போனவர்கள் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்கள்.

"போடுலே ஜெபா" என்றான் மாரீஸ்வரன்.

மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட இசை அது. பாட்டில் ஒரு வார்த்தை இருக்காது. கம்ப்யூட்டர் அடிக்கிற அடி மட்டும்தான். முதலில் மெல்லத் தட்டும். பிறகு வேகம் ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று மூச்சடங்கும். அப்புறம் இடி இடித்த மாதிரி விழும். கோயில் கொடைத் திருவிழாவில் உருமி மேளக்காரரும் கிட்டத்தட்ட இப்படித்தான் அடிப்பார். சாம்பிராணிப் புகையும் வேகம் ஏறும் அடியும் சேர்ந்தால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்பது மாரீஸ்வரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடை கொடையாக மைக் செட் கட்டியவன்தானே.

இடி விழுந்தது. முன்வரிசையில் தனுஷ்கோடியின் தங்கச்சி, மகாராஜபுரத்து சுடலையம்மாள், மடியில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். கண்ணை மூடினாள். உடம்பு குலுங்கியது. "ஏய்" என்று ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் பாய்ந்தாள்.

யாரோ குலவை போட்டார்கள்.

"போச்சு" என்றான் மாரீஸ்வரன். ஒயரைப் பிடுங்கக் கை போனது.

"நிறுத்திராத மாரீசு" என்று தனுஷ்கோடி ஓடிவந்தார். "சாமி வந்துருக்கு. பாதியில கொட்டுமேளத்தை நிறுத்துனா குத்தமாயிரும்."

மெயின் சுவிட்சை அணைக்கப் போன சமுத்திரம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது எப்பண்ணே நிக்கும்?" என்று ஜெபக்குமார் பயந்துபோய்க் கேட்டான். "எங்க சர்ச்சுல இதெல்லாம் பழக்கமில்லையே."

"சாமி மலையேறிப் போனாத்தான் நிக்கும்."

"அதுக்குள்ள பாட்டு தீந்துருமேண்ணே."

"தீந்தா முதல்லருந்து போடு."

நாகஜோதி பன்னீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே வந்தாள், அவளுக்கும் வந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த முனீஸ்வரிக்குக் கரண்டியோடு வந்தது. கடைசியில் சமுத்திரத்தின் மனைவி பரிபூரணம், காஞ்சிபுரம் பட்டும் கழுத்து நிறைய நகையுமாக, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"இவளுக்கு இத்தனை வருசத்துல சாமி வந்து நான் பாத்ததே இல்லையே" என்று சமுத்திரம் வாயைப் பிளந்தார்.

தனுஷ்கோடி தங்கச்சியின் முன்னால் பயபக்தியோடு நின்றார். "ஆத்தா, உனக்கு என்ன குறை வச்சோம்? சொல்லு தாயி."

"வேகம் பத்தல" என்றது சாமி.

"ஆத்தா வேகம் கேக்கா, கூட்டுலே" என்று மாரீஸ்வரன் கத்தினான். ஜெபக்குமார் கூட்டினான்.

"நீலத்தையும் விடு" என்றது சாமி.

மாரீஸ்வரன் நீல லேசரைத் தட்டினான். புகைக்குள் பச்சையும் நீலமும் பின்னிக்கொண்டன. மண்டபம் மொத்தமும் குலவை போட்டது. சமுத்திரம் பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தார்.

"ஆத்தா, ஒரு வாக்குச் சொல்லு. பிள்ளைக நல்லா இருக்குமா?"

"இருக்கும். நீ எடத்தை அடைக்காத, தள்ளி நில்லு."

சமுத்திரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

இரண்டு சுற்றுப் பாட்டு ஓடி, சாம்பிராணியும் தீர்ந்து புகை மெலிந்த பிறகு, தனுஷ்கோடி திருநீறு போட்டார். ஒவ்வொருத்தியாக அடங்கி நாற்காலியில் சாய்ந்தார்கள். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் வரவேற்புதானா இது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமுத்திரம் நேராக மாரீஸ்வரனிடம் வந்தார். இன்றைக்கு அடிதான் என்று அவன் நினைத்தான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மதுரையில எம்புட்டோ டிஜே பாத்துருக்கேன். சாமி எறங்கி வாக்குச் சொன்ன டிஜே இது ஒண்ணுதான். எங்க வீட்டு விசேஷம் இனிமே எல்லாம் நீதான் செய்யணும்." பிறகு தனுஷ்கோடியிடம் திரும்பி, "நீங்க சொன்னது சரிதான் சம்பந்தி" என்றார்.

தனுஷ்கோடி மாரீஸ்வரனின் தோளில் கை வைத்தார். "எனக்குத் தெரியும்லே" என்றார். அவ்வளவுதான். மாரீஸ்வரனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுசன் பெயர் கெடவில்லை, அது போதும் என்றிருந்தது. தான் செய்த குளறுபடி அத்தனைக்கும் நடுவில் எந்தத் தெய்வமோ மனமிரங்கி வந்து காப்பாற்றியிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லாமல் வீட்டுக்குப் போக அவன் மனசு கேட்கவில்லை.

பந்திக் கூடத்துக்குப் போனான். சுடலையம்மாளும் பரிபூரணமும் நாகஜோதியும் முனீஸ்வரியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்து, பிரியாணியை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்றைக்கும் இல்லாத சந்தோஷம் அவர்கள் முகத்தில்.

மாரீஸ்வரன் சுடலையம்மாள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"அத்தை, ஆத்தா உங்க உடம்புல வந்து என் மானத்தைக் காப்பாத்திட்டா. காலத்துக்கும் மறக்க மாட்டேன். வாற கொடைக்கு அவளுக்கு என் செலவுல சேலை எடுத்துச் சாத்துதேன்."

சுடலையம்மாள் இடது கையால் அவனை எழுப்பினாள். ஆண்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எந்திரி தம்பி, இப்பத்தான் கை கழுவுற எடத்துல நாங்களே பேசிக்கிட்டோம்: எங்கள்ல ஒருத்திக்குமே சாமி வரல, சும்மா எந்திரிச்சா எங்களை ஆட விட்டுருவாகளா?"