முதல் அடிக்குப் பணியாரம்

"நடந்துட்டாளா?"

பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய், இருபத்திரண்டு நாள் கழித்து ஆமத்தூர் வீட்டு வாசலில் வந்து நின்ற பாண்டிமுருகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இல்லங்க, இல்ல. இன்னும் இல்ல," என்றாள் ரோஜா, குழந்தை ஓவியாவை இடுப்போடு இறுக்கிக்கொண்டு. "அப்பா வந்தாத்தான் நடப்பேன்னு இருக்கா ஒங்க மக."

லாரி டிரைவருக்கு உயிரே வந்தது.

ஓவியா குப்புற விழுந்தபோது அவன் நாக்பூரில் இருந்தான். முதல் பல் எட்டிப் பார்த்தபோது கட்டாக் பக்கம் டயர் மாற்றிக்கொண்டிருந்தான். அவள் தவழ்ந்ததை ஏதோ ஒரு தாபாவில், ரொட்டி ஆறிப்போக, செல்போனில் பார்த்தான். குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, தவழ்ந்தால் அடை, நடந்தால் பணியாரம் என்று வீட்டுக்கு வீடு கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். கொழுக்கட்டையையும் அடையையும் தெருவே தின்றது. பெற்றவன் போட்டோவில் பார்த்தான்.

அதனால்தான் போன தடவை கிளம்பும்போதே கெஞ்சியிருந்தான். "நான் வர்ற வரைக்கும் இவள நடக்க விடாத ரோஜா. இந்த ஒண்ணையாச்சும் நான் மொதல்ல பாக்கணும்."

"அதுக்காகக் கால கட்டியா போட முடியும்?" என்று அவள் சிரித்தாள்.

இப்போது கையில் மூன்று நாள். திங்கட்கிழமை காலையில் அடுத்த லோடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே காரியத்தில் இறங்கினான். நாலடி தள்ளி உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினான். ஓவியா சுவரைப் பிடித்து எழுந்து, கையை விட்டுவிட்டு நின்றாள்.

"நில்லு, நில்லு! வீடியோ எடுக்கணும்!" என்று கத்திக்கொண்டே செல்போனை எடுத்தான்.

போனைப் பார்த்ததும் குழந்தையின் முகம் மலர்ந்தது. "அப்பா!" என்றாள் போனைப் பார்த்து. பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து அதற்குக் கையாட்டினாள்.

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அவள், அவனுக்கு மதினி முறை. "கொளுந்தனாரே, பிள்ளைக்கு அப்பா அந்த டப்பாவுக்குள்ளதான இருக்காரு. நீங்க யாரோ போன் ரிப்பேர் பண்ண வந்தவுகன்னு நெனைக்கா."

"சும்மா இருங்க மதினி."

போனை அலமாரியில் பூட்டிவிட்டு மகளை வாரி எடுத்து முத்தமிட்டான். தாடி குத்தியது. ஓவியா வீறிட்டாள்.

தாடிதானே பிரச்சினை? நேரே சலூனுக்குப் போய் மழுங்கச் சிரைத்துக்கொண்டு வந்தான். அதோடு, இருந்த அறிமுகமும் போயிற்று. போனில் பார்த்த அப்பாவுக்கு எப்போதும் தாடி உண்டு. இந்த மொழுமொழு ஆள் யார் என்று தெரியாமல் குழந்தை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சோற்றைப் பிசைந்து அவன் ஊட்டப் போனால் வாயை இறுக மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் ரோஜா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அவன் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றான். சாம்பிராணிப் புகையும், ஈரத்தலையும், கன்னத்தில் வைத்த மைப்பொட்டும். இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன; ஓவியா இப்போது தானே தலை சீவிக்கொண்டு பள்ளி வேனில் ஏறிவிடுகிறாள், திரும்பிக் கையாட்டுவதுகூட இல்லை. அன்று அந்தத் துண்டுக்குள் அவள் எவ்வளவு சின்னதாக இருந்தாள் என்று அவன் இன்னமும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான்.

துவட்டும்போது அவள் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் இறங்கி வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"இதான் சமயம்," என்று மண்டியிட்டு, யானையாகி வீடு முழுவதும் தவழ்ந்தான். ஓவியா கெக்கெக்கே என்று சிரித்தாள். முதுகில் ஏற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு அவளைத் தரையில் இறக்க முடியவில்லை. இறக்கினால் அழுகை. நடந்து காட்டினால் அழுகை. தவழ்ந்தால் மட்டும் சிரிப்பு. மத்தியானம் அவளும் அவனைப் போலவே புட்டத்தைத் தூக்கித் தவழ்ந்துகொண்டு பின்னாலேயே வந்தாள்.

"நல்லாருக்கே! நிமுந்து நின்ன பிள்ளைய மறுபடியும் தவழ வச்சுட்டீகளே," என்றாள் பஞ்சம்மாள்.

"இப்பிடியே போனா குப்புற விழுறதுக்குத் திரும்பிருவா," என்று ரோஜாவும் தலையில் கை வைத்தாள்.

அவன் பஸ் ஏறி விருதுநகருக்குப் போய் ஒரு மர நடைவண்டி வாங்கி வந்தான். ஓவியா அதைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்து, "ம்ம்!" என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டாள். தள்ளித் தள்ளி அவனுக்குத்தான் நடை பழகியது. திண்டாடித் திரும்பும்போது நிலைப்படியில் இடித்துக் கால் பெருவிரல் வீங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நொண்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனவன், ரோஜா பணியார மாவைக் கரைப்பதைப் பார்த்தான்.

"அவ இன்னும் நடக்கவே இல்ல. அதுக்குள்ள எதுக்கு மாவு?"

"இன்னிக்கு நடப்பா."

"எப்பிடித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்!" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் வரை நடக்கவில்லை. மூன்று மணிக்கு கம்பெனியிலிருந்து போன் வந்தது. லோடு ரெடியாம். இன்றைக்கே ஆறு மணிக்கு வண்டியை எடுக்க வேண்டுமாம்.

பாண்டிமுருகன் கிலுகிலுப்பையை மூலையில் வைத்தான். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து கைலிகளைப் பைக்குள் மடித்து வைக்க ஆரம்பித்தான். "விடு ரோஜா," என்றான் தலை நிமிராமல். "நடக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பு. நல்லா வெளிச்சத்துல எடு."

ரோஜா குழந்தையை எதிர்ச் சுவர் ஓரம் நிறுத்திவிட்டு விலகினாள். வாசலில் பஞ்சம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓவியா பார்த்தாள். அந்த யானை ஏன் உட்கார்ந்திருக்கிறது?

"ஆத்தாடி! நடந்துட்டாளே!" என்று பஞ்சம்மாள் கத்தினாள். குழந்தை அதற்குப் பிறகுதான் காலையே தூக்கியது.

ஒன்று. இரண்டு. மூன்று. விழவில்லை, தடுமாறக்கூட இல்லை. நாலு. ஐந்து. கொலுசு குலுங்க நேராக வந்து, மடித்து வைத்த கைலியை மிதித்து ஏறி, அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"யப்பா," என்றாள். இந்தத் தடவை அவனைப் பார்த்து.

அவன் வாய்விட்டு அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மொத நடையிலயே எம்புட்டு நேரா வந்தா பாத்தீகளா மதினி?" என்றான்.

"பாத்தேன், பாத்தேன். ஒங்க ஸ்டேரிங் கை அப்பிடியே வந்திருக்கு."

பணியாரம் வெந்தது. தூக்குவாளியைத் தானே தூக்கிக்கொண்டு வீங்கிய விரலோடு தெருவில் இறங்கினான். எல்லோரும் வாங்கினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, "அப்பிடியா! நடந்துட்டாளா!" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

தெருமுனையில், நாகர்கோவிலில் தங்கை வீட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு பஸ்சைவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார் அங்கன்வாடி ஞானஜோதி டீச்சர்.

"ஏங்க, டீச்சருக்கு நான் குடுத்துக்கிடுதேன்!" என்று ரோஜா பின்னாலேயே ஓடி வந்தாள். பஞ்சம்மாள் அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் ஆட்டினாள்.

அதற்குள் அவன் இலையில் நாலு பணியாரத்தை வைத்து நீட்டியிருந்தான்.

டீச்சர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "பாப்பா நடந்ததுக்குத்தான் போன வாரமே பணியாரம் குடுத்துட்டீங்களே தம்பி! இது எதுக்கு, ஓட ஆரம்பிச்சுட்டாளா?"