ஆணி அண்ணாச்சியும் புதியம்புத்தூர் கூரையும்

ஆணி அண்ணாச்சியிடம் ஆணி வாங்குவதைவிட அவரிடம் பெண் கேட்பது சுலபம் என்றுதான் கோவில்பட்டியில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவருடைய இரும்புக்கடை மாடியில் நான் குடியிருந்தேன். காலையில் கீழே நடக்கும் விசாரணையில்தான் எனக்கு விழிப்பே வரும்.

"ரெண்டு இஞ்சு ஆணி கால் கிலோ குடுங்க."

"எங்கன அடிக்கப் போறீய?"

"அது எதுக்கு உமக்கு?"

"மழை படுற எடமா, படாத எடமா? மரமா, செவரா?"

சுவருக்குக் கான்கிரீட் ஆணி. வேலிக் கம்பிக்கு வளைந்த யு ஆணி. தகரக் கூரைக்குத் தொப்பி வைத்த குடையாணி. மழை படும் இடமென்றால் துத்தநாகம் பூசியதைத்தான் தருவார். ஆட்டுக்கொட்டகைக்குச் சாதா ஆணி கேட்டவரை, "ஆடு நனையும்லா" என்று வெறுங்கையோடு அனுப்பினார். அந்த மனிதர் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மகள் செல்விக்குப் புதியம்புத்தூரில் ஒரு வரன் அமைந்தது. ரெடிமேட் துணி தைக்கிற குடும்பம். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்பதால் வேன் பிடித்துப் போனோம். தையல் கூடத்தில், தகரக் கூரைக்குக் கீழே இலை போட்டார்கள். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். கூரை தாழ்ந்த ஓரத்தில் நாற்காலி போட்டு ஏறி, கையை மேலே விட்டு, மடியிலிருந்த குறடால் ஓர் ஆணியைப் பிடுங்கி மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினார்.

"சம்மந்தி, கதவுக்கு அடிக்கிற ஆணியக் கூரைக்கு அடிச்சிருக்கீய. துருப்பிடிச்சுப் போச்சு. ஐப்பசியில ஒழுவும்."

"பொண்ணு குடுக்க வந்தீயளா, எங்க வீட்டு ஓட்டைய எண்ண வந்தீயளா?"

அன்று யார் கையும் நனையவில்லை.

மறுவாரம் அண்ணாச்சி ஒரு பை குடையாணியோடு தனியாகப் பஸ் ஏறினார். "நானே அடிச்சுத் தந்துருதேன், மனசுல வச்சுக்கிடாதீய" என்று கெஞ்சியிருக்கிறார். அடிக்க விட்டார்கள். பாதிக் கூரை முடிந்தபோது காப்பியோடு சேதியும் வந்தது: பையனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்தாகிவிட்டது. அண்ணாச்சி காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி கூரையேறி மிச்சத்தையும் அடித்தார்.

வெயிலில் முதுகு வெந்து வந்தவருக்குச் செல்விதான் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"எப்பா, சேதி தெரிஞ்சதும் எறங்கி வந்திருக்கலாம்லா?"

"பாதியில விட்டா ஒழுவும்லா, தாயி."

அவள் தடவுவதை நிறுத்தவில்லை. அதன்பிறகு எந்த வரனுக்கும் அவள் சம்மதிக்கவில்லை.

அந்தப் பெண்ணை நினைத்தால் அண்ணாச்சி மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். திட்டுவதற்கு மனிதர் இல்லையே என்பதுதான் தாங்கவில்லை.