ஹொக்கியன் ஆப் எடுத்து டாக்டரான கதை

வாழ்க்கையில் நான் மட்டமான சரக்கை எடுத்ததே கிடையாது. நான் எடுத்த நல்ல சரக்கு ஒரே ஒரு முறை தப்பான வாசலில் இறங்கிவிட்டது. அதைத்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துகொண்டே போவதால் நானே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி (இரண்டில் அடங்காது, முயற்சி செய்கிறேன்). ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற பிறை ஊரில் லாரி கழுவப் போனேன், பிறகு ஓட்டினேன், பிறகு வாங்கினேன். இன்று என் பெயர் எழுதிய வண்டிகள் பினாங்குப் பாலத்தில் வரிசையாகப் போகும். இங்கிலீஷ் என்னைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும். நானும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. பினாங்குச் சீனர்கள் பேசுகிற ஹொக்கியன் வரும். ஆனால் அது லாரி நிறுத்துமிடத்து ஹொக்கியன். வண்டியை இடித்தவனை என்ன சொல்வது, சரக்கை நனையவிட்டவனை என்ன சொல்வது, அவ்வளவுதான். குடும்பம் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க முடியாது.

திறக்க வேண்டிய நாள் வந்தது. மகன் சரவணன், மெய் லிங் என்ற சீனப் பெண்ணை விரும்பினான். பெண் தங்கம். அவள் அப்பா ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிப்பது மாதிரி. "பையன் சரி. அவன் அப்பா எப்படிப்பட்ட ஆளென்று பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன்" என்றுவிட்டார். அடுத்த மாதம் அவர் வீட்டில் சாப்பாடு. ஆக, மொத்தக் கல்யாணமும் என் நாக்கில்.

"அப்பா, நீங்க மலாய்லயே பேசுங்க. அங்கிளுக்கு நல்லா வரும்லா," என்றான் சரவணன்.

"நான் என்ன லாரிக்கு பெர்மிட்டா கேக்கப் போறேன்? பொண்ணு கேக்கப் போறேன்டா. அவங்க வீட்டு பாஷையில கேக்கறதுதான் மொறை."

அவன் பெருமூச்சு விட்டு என் கைப்பேசியில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். அட்டையின் முன்பக்கம் சொல், தொட்டுத் திருப்பினால் பொருள், காதுக்கு ஒலி. ஒரு நாளைக்குப் பத்து அட்டைதான் தருமாம். மறந்ததை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்குமாம்.

"பத்து மூட்டைக்கு எவனாச்சும் பாலம் தாண்டுவானாடா?"

"இது லாரி இல்லப்பா, மூளை."

"எல்லாம் லோடுதான்."

இரண்டாவதாக ஓர் ஆப்பை நானே பிடித்தேன். சரியாகச் சொன்னால் அதில் ஒரு கரடி கைதட்டும். ஒரு நாள் திறக்காவிட்டால் அழும். எத்தனை முரட்டு டிரைவர்களைக் கட்டி மேய்த்திருக்கிறேன், என்னிடம் ஒரு கரடி கண்ணீர் விட்டுக் காரியம் சாதிக்கப் பார்க்கிறது. அழித்தேன்.

மூன்றாவதுதான் என் கண்ணுக்குச் சரக்காகத் தெரிந்தது. படிக்கிறவர்களே அட்டைக்கட்டு செய்து அதில் ஏற்றி வைக்கிறார்கள். ஹொக்கியன் என்று தேடினால் சின்னச் சின்னக் கட்டுகள். நடுவில் மலை மாதிரி ஒன்று. எங்கள் தொழிலில் காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் டோல் ஒன்றுதான். அதனால் நிறைத்துக்கொண்டு போகிறவன்தான் பிழைப்பான். மலையை எடுத்தேன்.

அதன் முகப்பில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன். பொருள் இங்கிலீஷில் இருந்ததால் அட்டையைத் திருப்பவில்லை. எதற்குத் திருப்ப வேண்டும்? 'அங்கிள்', 'சாப்பிட்டீர்களா', 'மெதுவாக உட்காருங்கள்' என்று தெருவில் கேட்டுப் பழகிய சொற்களாகவே முதலில் காதில் விழுந்தன. மீதியும் அப்படிப்பட்ட மரியாதைதானே இருக்கும்? குரலிலும் அவ்வளவு பணிவு. என் மனைவி கமலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, யாரு இவ? இப்படி கொஞ்சுறா?"

"டீச்சர்."

"எனக்கு ஒரு டீச்சரும் இப்படி பாடம் நடத்துனதில்லையே."

அந்த மாதம் முழுக்கக் குளிக்கும்போதுகூட ஹொக்கியன்தான். என் ஞாபக சக்தியைப் பற்றி நானே சொல்லக் கூடாது (அபாரம்).

சாப்பாட்டு நாள் வந்தது. மேசை நடுவே ஆவியில் வெந்த பெரிய மீன். எதிரே மெய் லிங்கின் அப்பா, கல்லில் செதுக்கியது போல. நான் தொண்டையைச் செருமி, "மெதுவாக உட்காருங்கள், அங்கிள்" என்றேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்து, மறுபடி மெதுவாக உட்கார்ந்தார். "சாப்பிட்டீர்களா?" என்றேன். அவர் மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பிடி கிடைத்துவிட்டது. பொருள் தெரியாத, ஆனால் நீளமான நல்ல வாக்கியங்களாக இறக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் மனைவியின் கரண்டி பாதி வழியில் நின்றது. மெய் லிங் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. அவள் சரவணன் காதில் ஏதோ சொல்ல, அவன் முகம் வெளுத்தது.

"அப்பா, போதும். நிறுத்துங்க."

"ஏன்டா? இன்னும் நிறைய இருக்கு."

"எங்க வலிக்குது, கையை வச்சு காட்டுங்கன்னு கேட்டீங்க. நாக்கை நீட்டச் சொன்னீங்க. இப்ப, இன்னைக்கு வெளிக்கிப் போனீங்களான்னு கேட்டுருக்கீங்க."

டீச்சர் இல்லை, நர்ஸ். நர்ஸ் படிப்பவர்கள் வயதான நோயாளிகளிடம் பேசுவதற்காகச் செய்த கட்டு அது. கமலா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. என் மகன் கல்யாணத்தை நானே லாரியில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

மெய் லிங்கின் அப்பா சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். மனைவியை ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எனக்குப் பதில் சொன்னார். மெய் லிங் வாயைப் பொத்திக்கொண்டே அதைச் சரவணன் காதில் சொன்னாள்.

"என்னடா சொல்றாரு?"

"நாலஞ்சு நாளா போகலையாம்," என்றான் சரவணன்.

அதோடு நிற்கவில்லை. கால்சட்டையை முட்டிவரை சுருட்டி, வலிக்கிற இடத்தில் கையை வைத்துக் காட்டினார். நானும் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன் (கேட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பது மரியாதையா?). எனக்கும் அதே முட்டிதான்; கிளட்ச் மிதித்தே போனது. என்னுடையதையும் சுருட்டிக் காட்டினேன். மீன் ஆறிப்போனது. பிறகு அவர் மலாயில் என்னிடம், "இந்த வீட்டில் எல்லோரும் மூடிக் கிடக்கிற என் கடையை என்ன செய்யப் போகிறேன் என்றுதான் கேட்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டது நீங்கள்தான். கல்யாணத்துக்கு நாள் பாருங்கள்" என்றார்.

சரவணனின் ஆப்பை எடுத்திருந்தால் ஆப்பிள், பூனை, பள்ளிப் பேருந்து என்று படித்துக்கொண்டு போயிருப்பேன். பள்ளிப் பேருந்தை வைத்துப் பெண் கேட்க முடியுமா? இதை இன்றுவரை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மட்டும், "எங்க வலிக்குது, கையை வச்சு காட்டுங்க" என்பான். மருமகளும் சேர்ந்துகொள்வாள்.

சம்பந்தி என்னை 'லோகுன்' என்றுதான் கூப்பிடுகிறார். ஹொக்கியனில் டாக்டர் என்று பொருள். பாசார் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. போன வாரம் அவருடைய பழைய பக்கத்துக் கடைக்காரர் ஒரு எக்ஸ்ரே படத்தை என் கையில் திணித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "தலைகீழா பிடிச்சிருக்கீங்க," என்றாள் கமலா. அட்டைக்கட்டில் இதற்கென்றே பொருத்தமான ஒரு வாக்கியம் இருந்தது. இந்த முறை பொருளும் தெரியும்.

"கொஞ்சம் பொறுங்கள். டாக்டர் இப்போது வந்துவிடுவார்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.